வடகடற்கரையும் இருப்புப் பாதையும்

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே இருப்புப் பாதை முற்றுப்பெற்று, நேர்ப் புகையிரதம் ஓடத் தொடங்கிய நாள் 1905 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதியாகும். அன்றுவரை ஒதுங்கிக் கிடந்த குடாநாடு அன்றுதொட்டே வெளியுலகத் தொடர்பு பெற்றது என்று கூறுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இக்கூற்றிலே உண்மை உண்டு. ஆயின் அது பாதி உண்மையே. ஒதுங்கிக் கிடத்தல் என்பது எவ்விடத்தில் நின்று நோக்குகின்றோம் என்பதைப் பொறுத்தது. கொழும்பிலே நின்று நோக்கியவர்க்கு யாழ்ப்பாணம் காட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு கோடி. ஊர்காவற்றுறையிலோ பருத்தித்துறையிலோ நின்று நோக்கியவர்க்குக் கொழும்பே தொலைதூரம். இருப்புப் பாதை இவ்விரு நோக்குகளுள் எதனை நிலைநிறுத்தியது, அதனால் இந்நாடு பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கடல்வழியை நோக்குவோம். குடாநாட்டின் வடகரையும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் பன்னெடுங்காலமாகப் பாய்க்கப்பல்களின் நாடாக விளங்கின. வன்னிக் காட்டிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஒல்லாந்தர் காலத்திலே ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. வடகடலிற் குளித்தெடுத்த சங்கு வங்காளம் வரை சென்றது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கும், பனைமரச் சட்டங்கள் எதிர்க்கரைத் துறைகளுக்கும் ஏற்றப்பட்டன. தஞ்சாவூர் நெல்லும், பின்னர் பர்மா அரிசியும் இவ்வழியே வந்து நம் முன்னோரின் உலையை நிரப்பின. வல்வெட்டித்துறையிலே நம்மவர் தாமே கப்பல் கட்டி, தாமே மாலுமிகளாகி, வங்காள விரிகுடாவைக் கடந்து சென்று மீண்டனர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் ஓர் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, அட்லாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆம் ஆண்டிலே மசச்சூசெற்சு மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறையை அடைந்தமை நாடறிந்த செய்தி. இத்தகைய மக்களை வெளியுலகறியாதவர் என்பது பொருந்தாது.

ஆயினும் தரைவழியாகத் தெற்கே செல்வது வேறு கதை. இதற்கு நம் கைக்கெட்டிய சான்று ஒன்று உண்டு. சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து மீண்டு 1897 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆந் திகதி கொழும்பில் இறங்கினார். அங்கிருந்து கண்டிக்குப் புகையிரதத்திற் சென்றவர், மாத்தளைக்கு அப்பால் இருநூறு மைலுக்கு அண்மையான தூரத்தைக் குதிரை வண்டியிற் கடக்க நேர்ந்தது. தம்புள்ளைக்கு அண்மையில் வண்டியின் சக்கரம் முறிந்தது; மாட்டுவண்டியிற் பயணம் தொடர்ந்தது. அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு வழியாக ஜனவரி 24 ஆந் திகதி அவர் யாழ்ப்பாணத்தை அடைந்தார். இடையிடையே தங்கிச் சொற்பொழிவாற்றிய நாட்களைக் கழித்து நோக்கினும், அப்பயணத்தின் அருமை விளங்கும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிய பின் நள்ளிரவிற் கப்பலேறியவர், மறுநாள் 26 ஆந் திகதி பிற்பகலிலே ஏறத்தாழ ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள பாம்பனை அடைந்துவிட்டார். ஒரு தீவின் இரு முனைகளுக்கும் இடையே நாட்கணக்கு. கடலுக்கு அப்பாலுள்ள வேறொரு நாட்டுக்கு மணிக்கணக்கு. இருப்புப் பாதைக்கு முந்திய யாழ்ப்பாணத்தின் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

இனி, புகையிரதம் ஏன் இத்துணைக் காலம் தாழ்த்தது என்னும் வினா எழுகின்றது. இலங்கையில் முதற்புகையிரதம் 1864 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867 இற் கண்டி இணைக்கப்பட்டது. இப்பாதைகள் மக்களின் போக்குவரத்தை முதன்மையாகக் கருதி இடப்பட்டவையல்ல. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே இடப்பட்டன. கோப்பிப் பயிர் நோயுற்றழிந்த பின் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. பாதையும் தோட்டங்களைத் தேடி மலைமேல் ஏறியது. 1880 இல் மாத்தளையும், 1885 இல் நானுஓயாவும், 1894 இற் பண்டாரவளையும் இணைக்கப்பட்டன. தென்கரைப் பாதை 1895 இல் மாத்தறையை எட்டியது. பெருந்தோட்டம் எதுவுமில்லாத வடபுலமோ காத்திருந்தது. ஆட்குறைந்த காட்டினூடே இருநூறு மைலுக்கு மேற் பாதையிட்டால் வருவாய் யாது என்பது கணக்குப் பார்ப்போரின் வினா. தேசாதிபதி சேர் வெஸ்ற் ரிட்ஜ்வே அவர்களின் ஆட்சிக் காலத்திலே, அதாவது 1896 க்கும் 1903 க்கும் இடைப்பட்ட காலத்திலே, வடபகுதிப் பாதை கைகூடியது.

அதற்கு முன்னரே நம்மவர் புகையிரதத் தொழிலை நன்கு கற்றிருந்தனர் என்பது வியப்புக்குரியது. மலாயாவின் முதலாவது இருப்புப் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885 இற் திறக்கப்பட்டது. அதனை அடுத்த ஆண்டுகளில், ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கடல் கடந்து சென்று அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலே இலிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். தம் பிறந்த ஊரிலே தண்டவாளம் ஒன்றையேனும் கண்டிராத ஒருவர், அயல் நாட்டு நிலையமொன்றிலே பச்சைக் கொடி காட்டி வண்டியை அனுப்பிவைத்த காலம் அது.

வடபகுதிப் பாதை இரு முனைகளிலிருந்தும் வளர்ந்தது. தெற்கே பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை 1894 இல் இடப்பட்டிருந்த கிளையே அதன் தொடக்கம். வடக்கே காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரை சுமார் 21 மைல் நீளமான பகுதி 1902 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. தென்பாதையோடு தொடர்பின்றித் தனித்துநின்ற இச்சிறு பாதையிலே மூன்றாண்டுகள் வண்டிகள் ஓடின. இதிலொரு நுட்பம் உண்டு. அவ்வண்டிகளும் எஞ்சின்களும் கடல்வழியே அன்றி வேறெவ்வழியாலும் குடாநாட்டுக்கு வந்திருக்க இயலாது. கடலின் வணிகத்தைப் பின்னாளிற் குறைத்துவிட்ட அந்த யந்திரத்தைக் கடலே சுமந்துவந்து கரைசேர்த்தது. இதற்கிடையிற் தெற்கேயிருந்து வந்த பாதை 1904 இல் அநுராதபுரத்தை அடைந்து, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக முன்னேறி, ஆனையிறவு என்னும் ஒடுங்கிய வாயிலைக் கடந்து, 1905 இல் வடபாதையோடு இணைந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அன்று சென்ற நேரம் பதின்மூன்று மணிக்குச் சற்று மேல். நாட்கணக்கு ஓரிரவாகச் சுருங்கிற்று.

கடல் திறந்திருக்கவும் மக்கள் புகையிரதத்தை ஏன் இவ்வளவு விரும்பினர் என ஒருவர் வினவலாம். வடகரைத் துறைகள் ஆழமற்றவை. நீராவிக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆட்களும் பொருள்களும் தோணியேறிக் கரைசேர வேண்டும். வாடைக்காற்றின் காலத்திலே பாய்க்கப்பல்கள் கரையேறிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்க உத்தியோகத்தின் தலைவாயில் கொழும்பாக இருந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி பிறந்த ஊரிலே, தலைநகருக்கு ஓரிரவிற் செல்லும் வழியை வேண்டாதார் யார்?

பாதை திறந்தபின் நிகழ்ந்த மாற்றங்களை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது மக்களின் போக்குவரத்து. இரவுத் தபால் வண்டி குடாநாட்டுக் குடும்பங்களின் வாழ்க்கை முறையையே மாற்றியது. கணவன் கொழும்பிலே இலிகிதர். மனைவியும் மக்களும் ஊரிலே. வெள்ளி இரவு ஏறிச் சனி காலை இறங்கி, ஞாயிறு மாலை மீண்டும் பெட்டியோடு நிலையத்தில் நிற்றல் என்பது ஒரு தலைமுறையின் கிழமைக் கணக்காயிற்று. காணி ஈடும் கலியாணப் பேச்சும் கோயிற் திருவிழாவும் புகையிரத நேரசூசியோடு பொருந்தி நடந்தன. தென்னிலங்கையின் சிறு நகரங்களிலெல்லாம் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை வைத்து வாழ்ந்தமைக்கும் இப்பாதையே பெருந்துணை. 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே 'யாழ்தேவி' என்னும் கடுகதிப் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, ஓரிரவுப் பயணம் பகற்பயணமாகவும் அமைந்தது.

இரண்டாவது பொருட்போக்குவரத்து. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தென்மராட்சி மாம்பழமும் தெற்கு நோக்கிச் சென்றன. கடலுணவும் அவ்வாறே. கரையிலே உலர்த்திக் கருவாடாக்க வேண்டியிருந்த மீனைப் பனிக்கட்டியிட்டுப் பெட்டியிலடைத்து அனுப்பும் வழி திறந்தபின், மீனவன் பெறும் விலை கொழும்புச் சந்தையோடு பிணைந்தது. பின்னர் 1950 களிலே காங்கேசன்துறைச் சீமேந்துத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம், அவ்வுப்பைக் கொண்டு இயங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் இப்பாதையோரத்திலேயே வளர்ந்தமை தற்செயலன்று.

மூன்றாவது வன்னியின் மாற்றம். கடல்வழி எத்துணைச் சிறப்புற்றிருந்தாலும் அது கரையையே தொடும், உள்நாட்டைத் தொடாது. இருப்புப் பாதையோ காட்டின் நடுவே நிலையங்களை நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இரணைமடுக் குளத்தின் திருத்த வேலை மேற்கொள்ளப்பட்டதும், 1930 களிலே கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றம் தொடங்கியதும் பாதையின்றி எளிதில் நிகழ்ந்திரா. காணியற்ற குடாநாட்டு உழவனுக்கு வயல் கிடைத்தமை, இருப்புப் பாதையின் நன்மைகளுள் நிலைத்துநின்ற ஒன்றாகும்.

மதவாச்சியிற் பிரிந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் வரை செல்லும் கிளையைக் கூறாது இவ்வரலாறு நிறைவுறாது. 1914 ஆம் ஆண்டிலே அப்பாதையும், எதிர்க்கரையிற் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள ஏறத்தாழ 22 மைற் கடலை நீராவிக் கப்பல் கடந்தது. சென்னையில் வண்டியேறியவர் கொழும்பில் இறங்குவதற்கு இடையே ஒரு சிறு கடற்பயணமே எஞ்சியது. தென்னிந்தியத் தபாலும் சஞ்சிகைகளும் யாத்திரிகரும் இவ்வழியே வந்தனர்.

ஆயின் இப்பாதையின் பெரும்பயணிகள் தோட்டத் தொழிலாளரே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். அவர்களின் உழைப்பால் விளைந்த கோப்பிக்குப் புகையிரதம் கிடைத்து அரை நூற்றாண்டளவு சென்ற பின்னரே, அவர்கள் நடந்த வழியில் அவர்களுக்கும் புகையிரதம் கிடைத்தது. மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டுத் தலைமன்னாரில் வண்டியேறி மலைநாடு சென்ற அவர்களின் வழித்தோன்றல்கள், 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், அதே தண்டவாளத்தின் மீது எதிர்த்திசையில் அனுப்பப்பட்டனர். தாம் காணாத ஒரு 'தாய்நாட்டுக்கு' அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிகளைச் சூழ்ந்த அழுகையை மலைநாடு இன்றும் மறக்கவில்லை. ஒரு பாதை மக்களை இணைக்கும் என்கின்றோம். யாரை, எதற்காக, எத்திசையில் என்பவற்றைப் பாதை தீர்மானிப்பதில்லை.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்திற் கடும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியொன்று பயணிகளோடு அலைவாய்ப்பட்டது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடைபெற்ற கப்பற்சேவையும் 1980 களிலே போர்ச் சூழலால் நின்றது.

இனி இழப்பை நோக்குவோம். வடபகுதிப் பாதையின் அமைப்பை நாட்டுப்படத்திற் கண்டால் ஓருண்மை புலப்படும். பாதைகளெல்லாம் கொழும்பு என்னும் ஒரு முளையிற் கட்டிய கயிறுகள் போன்றவை. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் புகையிரத வழியே இராமேசுவரம் செல்ல விரும்பின், முதலில் நூறு மைலுக்கு மேல் தெற்கே மதவாச்சிக்குச் சென்று, அங்கிருந்து வடமேற்காகத் திரும்பித் தலைமன்னாரை அடைந்து கப்பலேற வேண்டும். விவேகானந்தர் ஒரு நாளுக்குட் கடந்த வழியை அவருடைய காலத்துக்குப் பின் வந்தோர் இவ்வாறு சுற்றிச் சென்றனர். புகையிரதமும் பின்னர் லொறியும் சரக்கைத் தம்பால் ஈர்க்க, கடவுச்சீட்டும் சுங்கமும் கடலின் நடுவே எல்லையிட, ஊர்காவற்றுறையின் பண்டகசாலைகளும் வடகரையின் கப்பற்றொழிலும் படிப்படியாகத் தளர்ந்தன. குடாநாடு தன் முகத்தை வடகடலிலிருந்து தென்றிசைக்குத் திருப்பிக்கொண்டது.

பல வாயில்களையுடைய வீடு ஒற்றை வாயில் வீடானால் வரும் இடர் 1990 ஆம் ஆண்டிலே தெரிந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுக் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் முட்டுக்கொடுத்தன. நிலையங்கள் கூரையிழந்தன. ஆனையிறவு அடைபட, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே வள்ளங்களிற் கடந்தனர். அவ்வழியில் உயிரிழந்தோரும் உளர். கடலும் போரினால் மூடப்பட்டமையால், பழைய கடல்வழி அன்று முற்றாக உதவியிருக்கும் என நாம் வாதிட வரவில்லை. ஆயினும் உணவும் மருந்தும் சம்பளமும் கடிதமும் ஒரே நூலில் தொங்கிய நிலை முந்திய எண்பத்தைந்து ஆண்டுகளிலேயே உருவாயிற்று என்பதை மறுத்தல் இயலாது. 1890 இல் வாழ்ந்த யாழ்ப்பாணத்தான், 1990 இல் வாழ்ந்தவனைவிட வெளியுலகுக்கு அண்மையில் இருந்தான் என்பது கசப்பான முடிபாயினும் உண்மையான முடிபாகும்.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. இந்தியக் கடனுதவியோடு பாதை மீண்டும் இடப்பட்டு, 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சிற் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சிற் திறக்கப்பட்டது. யாழ்ப்பாண நிலையத்தில் அன்று கூடியவர்களுள் இரு சாரார் இருந்தனர்: புகையிரதத்தை நினைவுகூர்ந்து கண் கலங்கிய முதியோர், இருபது வயதைக் கடந்தும் தம் ஊரில் ஒரு புகையிரதத்தையும் முன்பு கண்டிராத இளைஞர். நூறாண்டுக்கு முந்திய காட்சி ஒரு தலைமுறைக்கு மீண்டும் புதுமையாயிற்று. பின்னர் 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. தண்டவாளம் முடியுமிடத்திற் கடல்வழி தொடங்கும் பழைய ஒழுங்கின் ஒரு தளிர் அது எனலாம்.

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபு யாது? இருப்புப் பாதை இக்கரைக்கு உலகைக் காட்டியது என்று கூறுதல் நம் மாலுமிகளை மறப்பதாகும். அது தீமையே செய்தது என்று கூறுதல், வன்னி வயலையும் தபால் வண்டியாற் பசி தீர்ந்த குடும்பங்களையும் மறப்பதாகும். அது உள்நாட்டைத் திறந்தது, தலைநகரை அண்மையாக்கியது, அதே வேளையிற் கடலைப் புறக்கணிக்கவும் பழக்கியது. இம்மூன்றையும் ஒருங்கே கூறுதலே வரலாறாகும். ஒரு நாட்டுக்கு வழி வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும். வடகரையிற் பிறந்து வரலாறு பயிலும் மாணவர், தம்மூர் நிலையத்தின் பழைய பதிவேடுகளையும் தம்மூர்த் துறையின் பழைய கப்பற் கணக்குகளையும், அவை முற்றாக அழியுமுன், தேடித் தொகுப்பாராயின் இவ்வாராய்ச்சி மேலும் வளம் பெறும். அப்பணி அவர்களுக்கு உரியதாகுக.